நிலுவைப் பட்டியலும் பைதன் வகுப்பும்

பாடசாலை விட்ட பிறகு பைதனில் ஏதாவது எழுதிப் பார்ப்பது எங்கள் மூன்று ஆசிரியர்களின் பொழுதுபோக்கு. யாரும் கணனிப் பட்டதாரி இல்லை. "பொருள் நோக்குச் செய்நிரலாக்கம் எதற்கு, பழைய முறை போதாதா?" என்று ஊரில் சில தம்பிமார் கேட்டதால் இந்தப் பதிவு.

நாங்கள் பழகியது பஸ்கால். மேலிருந்து கீழே, படிபடியாக. ஊர் நலன்புரிச் சங்கத்தின் சந்தாக் கணக்கையும் அப்படியே எழுதினோம்: பெயருக்கு ஒரு பட்டியல், கட்டிய காசுக்கு ஒரு பட்டியல், பற்றுச்சீட்டுக்கு ஒரு சார்பு, நிலுவைக்கு ஒரு சார்பு. நன்றாகத்தான் ஓடியது.

பிறகு சங்கம் ஒரு முடிவெடுத்தது. கணவர் மௌத்தான தாய்மாருக்குச் சந்தா இல்லை. நோயில் படுத்திருப்பவருக்குப் பாதி. நல்ல முடிவு. ஆனால் இப்போது பற்றுச்சீட்டு, நிலுவை, ஆண்டறிக்கை என்று ஒவ்வொரு சார்பும் "இவர் யார், ஏன் கட்டவில்லை?" என்று விசாரிக்க வேண்டும். ஒருவருடைய கஷ்டம் செய்நிரல் முழுக்க அலைகிறது. நிலுவைப் பட்டியல் அறிவித்தல் பலகைக்குப் போகும் சாமான் என்பதை மறக்கக் கூடாது.

அங்கேதான் வகுப்பு உதவியது. (வகுப்பு என்றால் எங்களுக்கு முதலில் நினைவு வருவது 8ஏ தான்!) 'அங்கத்தவர்' என்று ஒரு வகுப்பு. ஒவ்வொரு அங்கத்தவரும் தன் விபரத்தையும் தன் கணக்கையும் தன்னிடமே வைத்திருக்கிறார். மற்றச் சார்புகள் கேட்பது ஒன்றே ஒன்று: இந்த மாதம் எவ்வளவு? பூச்சியம் என்று பதில் வந்தால் பூச்சியம்தான். காரணம் வெளியே வராது. நாளைக்கு விதி மாறினாலும் திருத்த வேண்டியது ஓர் இடம்.

பைதனில் இது பூட்டு இல்லை. பெயருக்கு முன்னால் அடிக்கோடு போடுவது "இதைத் தொடாதே" என்ற சாடை மட்டும். கோப்பைத் திறப்பவர் பார்க்கலாம். அதைக் காப்பது வேறு வேலை.

புத்தகங்களில் வரும் நாய் குரைக்கும், பூனை கத்தும் உதாரணங்கள் எங்களுக்கு ஒன்றும் விளக்கவில்லை. 1960களில் ஒஸ்லோவில் டாலும் நைகார்டும் உருவாக்கிய சிமுலாவில்தான் இந்த வகுப்பு முறை தொடங்கியது. நிஜ உலக அமைப்புகளைக் கணனியில் பாவனை செய்து பார்ப்பதற்கான மொழி அது. அதைத் தெரிந்த பிறகு விஷயம் இலகுவாகியது.

மரபுரிமையை நாங்கள் இன்னும் பெரிதாகத் தொடவில்லை. தவணைப் புள்ளிகளின் சராசரி பார்க்க இன்றும் பழைய முறைதான். பத்து வரிக்கு வகுப்பு எதற்கு?

அடுத்தது கணக்கைக் கோப்பில் சேமிப்பது. ஆர்வமுள்ள தம்பி தங்கைகள் உள்பெட்டியில் சொல்லுங்கள், சேர்ந்தே எழுதலாம்.