மொரிஸ் மைனரும் ஒரு இறப்பர் ரிங்கும்

ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், கொட்டகலைப் பக்கம் பழைய வாகனம் வைத்திருக்கிற எல்லோருக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். ஒரு பிளேன்டீ ஊத்திக்கொண்டு வாசியுங்கள்.

வாப்பாவின் மொரிஸ் மைனரை எங்கள் பக்கம் தெரியாதவர்கள் குறைவு. 948 சீசீ என்ஜின், ஸ்ரீ நம்பர் பிளேட். கடை பூட்டிய பிறகும் அந்தக் காருக்கு ஓய்வு இருந்ததில்லை. நடுச்சாமத்தில் மேல் தோட்டத்து லயத்திலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டும். பிள்ளைப்பேற்றுக்கு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனது இதே கார்தான். அன்று அதில் ஏறிப் போன தாய்மாரின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு எங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். வாப்பா வபாத்தான பிறகு சகோதரர்கள் நாங்கள் மூன்று பேரும் காரைப் பார்த்துக்கொள்கிறோம்.

ஒரு சர்விஸுக்குப் பிறகு கார் ஒயில் ஒழுகத் தொடங்கியது. முதலில் ரெண்டு சொட்டு. ஒரு மாதத்தில், காலையில் காரை எடுத்தால் நிலத்தில் சாப்பாட்டுத் தட்டளவு கறுப்பு வட்டம். ஒரு கராஜில் காட்டினோம். பொனட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ஜின் முடிஞ்சிது, இறக்கி ஓவர்ஹோல் பண்ணணும்" என்றார்கள். இரண்டரை இலட்சம் ரூபா. ரெண்டு நாளில் ஒருவர் காரை விலைக்குக் கேட்டு வீட்டுக்கு வந்தார். என்ஜின் முடிந்த கார் என்பது அவருக்கு எப்படித் தெரியுமோ, அந்த விலைக்குத்தான் கேட்டார்.

எங்களுக்குள் ரெண்டு அபிப்பிராயம். விற்றுவிடலாம் என்று நானா. வேண்டாம் என்று மற்றவர்கள். உம்மா மட்டும் ஒரு சொல் சொன்னார்: "விக்கிறதெண்டா வித்துப் போடுங்க மகன். ஆனா என்ன வருத்தம் எண்டு தெரியாம விக்க வேணாம்."

அதன் பிறகுதான் தோட்டத்து லொறிகளில் காலம் முழுக்க வேலை செய்து ஓய்ந்த ஒரு பாஸைத் தேடிப் போனோம். அவர் என்ஜினைத் தொடவே இல்லை. "தம்பி, மொதல்ல கழுவுங்க. அழுக்குல நோய் தெரியாது" என்றார். மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு வலது பக்கம் முழுவதையும் கழுவித் துணியால் துடைத்தோம். காய்ந்த பிறகு குழந்தைப் பவுடரை ஊதிவிடச் சொன்னார். என்ஜினை ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிடம் ஓடவிட்டோம். ஒழுகும் ஒயில் கீழே இறங்கும், ஃபேன் காற்றுக்குப் பின்னால் போகும். அதனால் சொட்டு விழும் இடத்தை வைத்து நோயைச் சொல்ல முடியாது. ஈரம் ஆகக் கூடிய உயரத்தில் எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். வெள்ளைப் பவுடரில் கறுப்புக் கோடு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. ஒயில் பில்டர் கோப்பையின் மேல் விளிம்பில் தொடங்கிய கோடு.

இன்றைய பல வாகனங்களில் பில்டரை முழுசாகக் கழற்றி எறிந்து புதியதைத் திருகுகிறோம். மைனரில் அப்படி இல்லை. இரும்புக் கோப்பை ஒன்று தலைகீழாகத் திருப்பாமல் நேராகத் தொங்கும். அதற்குள் கடதாசிப் பில்டர். அடியிலிருந்து ஒரு நீண்ட போல்ட் கோப்பையை மேலே உள்ள தலையோடு பிடித்து வைக்கும். தலையில் வட்டமான ஒரு காடி. அந்தக் காடிக்குள் ஓர் இறப்பர் ரிங். ஒயிலை உள்ளே வைத்திருப்பது அந்த ஒரு ரிங்தான்.

அதன் மேல் எவ்வளவு பாரம் வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஓடும்போது ஒயில் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல் வரை வரும். கோப்பையின் விட்டம் 3 அங்குலம் என்று வைத்தால் பரப்பு ஏறக்குறைய 7 சதுர அங்குலம். ஆக 420 இறாத்தல், அதாவது 190 கிலோ கோப்பையைக் கீழே தள்ளுகிறது. மூன்று பெரிய ஆட்கள் அதில் ஏறி நிற்கிற மாதிரி. எங்கள் ஊர்க் குளிரில் விடியற்காலை ஒயில் தடிப்பாக இருக்கும், அமுக்கம் இன்னும் ஏறும். காலையில் மட்டும் கூட ஒழுகியதற்குக் காரணம் அதுதான்.

கீழே தட்டு வைத்து போல்ட்டைக் கழற்றினோம். கோப்பை கையில் வந்தது. அதன் ரிங் காடிக்குள் இருந்தது. பாஸ் சிரித்தார். "புது ரிங் போடுறதுக்கு முந்தி பழசத் தேடணும் தம்பி." சேஃப்டி பின்னால் மெதுவாகக் கிளப்பினோம். முதல் ரிங் வந்தது. அதன் அடியில் இன்னொன்று: பிளாஸ்டிக் போலக் கடினமாகி, காடியோடு ஒட்டிப்போய், உலோகத்தின் நிறத்திலேயே இருந்தது. சர்விஸ் செய்தவர்கள் பழையதை எடுக்காமல் அதன் மேலேயே புதியதை வைத்திருக்கிறார்கள். ரெண்டு ரிங் இருந்தால் கோப்பை நேராக உட்காராது. இரண்டரை இலட்சத்து நோய் இவ்வளவுதான்.

செய்ய விரும்புகிறவர்களுக்காக மிச்சத்தையும் எழுதுகிறோம். காடியை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்ட வேண்டாம்; கீறல் விழுந்தால் அதன் வழியாகவே ஒழுகும். கோப்பைக்குள் இருக்கும் ஸ்பிரிங், தட்டு, சின்ன வாஷர் ஒன்றையும் தவறவிட வேண்டாம். போல்ட்டின் தலைக்குக் கீழும் ஒரு சீல் உண்டு, அதையும் மாற்றுங்கள். புது ரிங்கின் தடிப்பு காடிக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து, ஒயில் பூசி, சுற்றிவர விரலால் அமுக்கி வையுங்கள். போல்ட்டை இறுக்கும்போது கோப்பையை மற்றக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிப் பாருங்கள். சரியாக உட்கார்ந்தால் கைக்கே தெரியும். அளவுக்கு மேல் இறுக்கினால் விளிம்பு நெளியும். ஸ்டார்ட் பண்ணியதும் கோப்பை நிறையும் வரை ஒயில் லைட் சில செக்கன் எரியும். அணைந்த பிறகு சுற்றிப் பார்த்து, நிறுத்தி, டிப்ஸ்டிக்கை வைத்து ஒயில் விடுங்கள். புது ரிங்கோடு வந்த பில்டர், சீல், ஒயில் எல்லாம் சேர்த்தும் ஒரு சாதாரண சர்விஸ் செலவுதான் போனது.

இந்தக் கார் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிறகு மினியைச் செய்தவரும் அவர்தான். உற்பத்தி 1970களின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. ஆனால் 1990களில் இங்கிலாந்து மைனர்களுக்கு வேண்டிய தகடுகள் இலங்கையில் செய்து அனுப்பப்பட்டன. 2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு, பழையதைப் பழுதுபார்த்து ஓட்டுவது நம் எல்லோருக்கும் பிழைப்பாகவே ஆனது. கையில் இருப்பதைக் காப்பாற்றத் தெரியாதவனிடம் என்ஜின் முடிந்தது என்று யாரும் சொல்லலாம். கார்க்காரரைவிட, லீசிங் கட்டும் திரீவீல் பிள்ளைகளுக்குத்தான் அந்தச் சொல் பெரிய அடி.

இன்னொரு விஷயம். டிக்கோயாப் பக்கத்துத் தண்ணீர் காசல்ரீக்குப் போய், கெஹெல்கமு ஓயாவாக இறங்கி, களனி கங்கையாகிறது. கொழும்பு குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். மழையில் வளைவுகளில் ஒயில் கிடந்தால் மோட்டார் சைக்கிள் வழுக்கும். பாதையில் கிடக்கும் இடரை அகற்றுவதும் ஈமானைச் சேர்ந்தது என்று மத்ரஸாவில் படித்தவர்கள் நாங்கள். அதனால் ஒழுகும் வாகனத்தை "ஓடுதுதானே" என்று விடாதீர்கள். கழற்றிய பழைய ஒயிலை கானில் ஊற்றாமல், கேனில் சேர்த்து, பழைய ஒயில் எடுக்கும் இடத்தில் கொடுங்கள்.

கார் இப்போது வீட்டில்தான் இருக்கிறது. விலை கேட்டவர் பிறகு வரவில்லை. யாருக்காவது இதே வருத்தம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். ஸ்பனர் இருக்கிறது, பவுடர் டின் இருக்கிறது. பாஸும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.