மாஸ்டர் சார்ட்டில் இல்லாதவர்கள்

நான் அறுவை சிகிச்சை மருத்துவர். என் எம்.எஸ். ஆய்வேட்டில் இத்தனை சதவீதம் பேர் தேறினார்கள் என்று நான் காட்டிய கணக்கு பொய். அப்படிச் செய் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை, யாரும் நெருக்கவும் இல்லை. பிறகு அந்தக் கணக்கை நானே நம்பத் தொடங்கினேன். அந்த நம்பிக்கையால் ஓர் இளைஞனின் உயிர் போனது. நீங்கள் தீர்ப்புச் சொல்லலாம். அதற்கு முன் முழுவதையும் கேளுங்கள்.

பைக்கில் போய் விழுகிறவர்களுக்கு ஹேண்டில்பார் இடது விலாவுக்குக் கீழே குத்தும். வெளியே ஒரு சிராய்ப்புதான் தெரியும், உள்ளே மண்ணீரல் கிழிந்திருக்கும். ஒரு காலத்தில் மண்ணீரல் கிழிந்தால் வயிற்றைத் திறந்து அதை எடுத்துவிடுவார்கள். மண்ணீரல் இல்லாத உடம்பு சில கிருமிகளிடம் எளிதில் தோற்றுப்போகும் என்று தெரிந்த பிறகு, முதலில் குழந்தைகளிடமும் பிறகு பெரியவர்களிடமும் அந்த வழக்கம் மாறியது. பல்ஸும் பி.பி.யும் நிலையாக இருந்தால் கத்தி வைக்காமல், சி.டி. எடுத்துப் பார்த்து, வார்டில் வைத்துக் கண்காணிக்கிறோம். நல்ல முறை. எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு. பக்கத்திலேயே இருந்து பார்க்க ஆள் வேண்டும். ரத்தம் தயாராக இருக்க வேண்டும். நிலைமை மாறினால் அந்த நிமிஷமே தியேட்டர் திறக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முடிவை மாற்றிக்கொள்ளும் மனசு சர்ஜனுக்கு வேண்டும்.

இப்படிக் கண்காணித்ததில் எங்கள் மருத்துவமனையில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதுதான் என் ஆய்வுத் தலைப்பு. ஆய்வேட்டின் கடைசியில் மாஸ்டர் சார்ட் என்று ஓர் அட்டவணை இருக்கும். ஒரு நோயாளிக்கு ஒரு வரி. முன்னால் உள்ள எல்லா வரைபடங்களும் சதவீதங்களும் அதிலிருந்துதான் பிறக்கின்றன. அதில் ஒரு வரி இல்லையென்றால், அந்த மனிதர் ஆய்வுக்குள் வரவே இல்லை.

எம்.ஆர்.டி. என்கிற மருத்துவப் பதிவேட்டுத் துறையில் கேஸ் ஷீட் கட்டுகளைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிழைத்து டிஸ்சார்ஜ் ஆனவர்களின் ஷீட்டுகள் கைக்கெட்டும் இடத்தில் இருந்தன. இறந்தவர்களுடையவை வேறு அறையில், சட்டம் சார்ந்த வழக்குகள் என்பதால் பூட்டிய அலமாரியில். அவற்றைக் கேட்டு ஒரு கடிதம் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அது சோம்பல்.

ஆனால் ஏ.எம்.ஏ. போனவர்களின் ஷீட்டுகள் கையிலேயே இருந்தன. மருத்துவ ஆலோசனையை மீறி வீட்டுக்குக் கூட்டிப்போனவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அந்த ஷீட்டுகளின் கடைசிப் பக்கம் எனக்கு மனப்பாடம். நீல மையில், கோணலான எழுத்தில், "என் சொந்த விருப்பத்தின் பேரில் அழைத்துச் செல்கிறேன், எது நடந்தாலும் மருத்துவமனை பொறுப்பல்ல" என்று ஒரு வரி. அதன் கீழே கட்டைவிரல் ரேகை. பிழைக்கமாட்டார் என்று தெரிந்த பிறகு, போஸ்ட்மார்ட்டத்துக்குப் பயந்து, உயிர் வீட்டிலேயே போகட்டும் என்று தூக்கிக்கொண்டு போனவர்கள் அவர்களில் பலர். அது எனக்குத் தெரியும். சிலருக்கு ஆம்புலன்ஸுக்குச் சொன்னதே நான்தான். மருத்துவமனைப் பதிவில் அவர்கள் இறக்கவில்லை. என் ஆய்வில் அவர்கள் இருக்கவே இல்லை.

இரண்டு கூட்டத்தையும் வெளியே தள்ள எனக்கு ஒரே ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. "24 மணி நேரத்துக்கு மேல் வார்டில் இருந்தவர்கள் மட்டும் இந்த ஆய்வில் சேர்க்கப்பட்டனர்." படிக்க நியாயமாகத்தான் இருக்கும். தேர்வுக் குழுவுக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அந்த வாக்கியம் என்ன செய்யும் என்று எழுதும்போதே எனக்குத் தெரியும். ஆண்ட்ரூ பீட்ஸ்மன் தலைமையில் அமெரிக்காவின் 27 விபத்துச் சிகிச்சை மையங்கள் சேர்ந்து 1,488 நோயாளிகளை ஆராய்ந்த கட்டுரை 2000ஆம் ஆண்டில் வந்தது. கத்தி வைக்காமல் பார்ப்பது என்று முடிவெடுத்த பெரியவர்களில் 10.8 சதவீதம் பேருக்கு அந்த முறை தோற்றது. தோற்றவர்களில் சுமார் 61 சதவீதம் பேருக்கு அது நடந்தது முதல் 24 மணி நேரத்துக்குள். அந்தக் கட்டுரையை நான் படித்திருந்தேன். என் ஆய்வேட்டில் மேற்கோளும் காட்டியிருந்தேன். தோல்வி எந்த மணி நேரத்தில் வரும் என்பதை அதிலிருந்து தெரிந்துகொண்டு, அந்த மணி நேரத்தையே என் ஆய்விலிருந்து வெட்டினேன்.

என் கைடு வரைவைப் படித்துவிட்டு, "என்னப்பா, மார்ட்டாலிட்டி இவ்வளவு கம்மியா இருக்கு?" என்று கேட்டார். "நம்ம யூனிட் கேர் அப்படி சார்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த நல்ல தருணம் அதுதான். அவர் கோபக்காரர் அல்ல. திருத்து என்று சொல்லியிருப்பார், ஆறு மாதம் தள்ளிப்போயிருக்கும், அவ்வளவுதான். பாராட்டு எனக்கு வேண்டியிருந்தது.

ஆய்வேடு தேறியது. கட்டுரையாகவும் வந்தது. மாநாட்டில் வாசித்தபோது கைதட்டினார்கள். சில வருஷங்களில் அதே ஊரில் உதவிப் பேராசிரியராக வந்தேன். மூன்றாம் கிரேடு கிழிசல் வரை, பி.பி. நன்றாக இருந்தால், தயங்காமல் வார்டில் வைத்துப் பார்க்கலாம் என்பது எங்கள் யூனிட்டின் வழக்கமாகிவிட்டது. யாராவது தயங்கினால் என் கட்டுரையை எடுத்துச் சொல்வேன். பீட்ஸ்மன் கட்டுரையில் மூன்றாம் கிரேடில் தோல்வி 19.6 சதவீதம். ஐந்தில் ஒருவர். அதை யாரிடமும் சொன்னதில்லை. என் அட்டவணை அதைவிட அழகாக இருந்தது.

அந்தப் பையன் சாயங்காலம் வந்தான். கல்லூரி மாணவன். லாரியை ஒதுக்கப் போய் பைக்கோடு விழுந்திருந்தான். மூன்றாம் கிரேடு. பல்ஸ் 96, பி.பி. 120. அவன் அப்பா வேட்டியில் ரத்தக் கறையோடு நின்றார். "ஆபரேஷனே வேண்டாம்யா, தானாவே ஆறிடும்" என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

நள்ளிரவு தாண்டி ஹவுஸ் சர்ஜன் கூப்பிட்டாள். "சார், பல்ஸ் 112. இடது தோள் வலிக்குதுன்னு சொல்றான். தண்ணி தண்ணின்னு கேக்குறான்." பி.பி. கேட்டேன். "110 சார்." ஒரு பாட்டில் ஏற்றச் சொன்னேன். மறுபடி கூப்பிட்டாள். பல்ஸ் 124. "பி.பி. அதேதானே? பாத்துக்கிட்டே இரு, காலைல ரவுண்ட்ஸ்ல பாக்கலாம்" என்றேன். அவள் ஒரு விநாடி பேசாமல் இருந்துவிட்டு, "சரி சார்" என்றாள். அந்த மௌனம் எனக்குப் புரிந்தது. எரிச்சலோடு போனை வைத்தேன்.

இளம் உடம்பு ரத்தத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போகும்வரை பி.பி.யை விட்டுக்கொடுக்காது. அதற்கு முன்பே பல்ஸ் ஏறும், தாகம் எடுக்கும். வயிற்றுக்குள் ரத்தம் மேலேறி உதரவிதானத்தைத் தொட்டால் இடது தோள் வலிக்கும். இதை நான் மாணவர்களுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறவன். மூன்றையும் ஒரு பயிற்சி மருத்துவர் போனில் சொன்னாள். நான் எழுந்து போயிருந்தால், தியேட்டர் திறந்திருந்தால், அவன் தோல்விக் கணக்கில் ஒன்றாக ஆகியிருப்பான். அந்த நேரம் என் மனசில் ஓடியது அதுதான். அவன் முகம் ஞாபகத்தில் இல்லை. நம் யூனிட்டில் இது தோற்பதில்லை என்ற எண்ணம்தான் இருந்தது. களைப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். களைப்பும் இருந்தது. ஆனால் என்னைப் படுக்கையிலேயே வைத்தது கர்வம்.

விடியும் முன் பி.பி. 70க்கு இறங்கியது. ஓடினேன். திறந்தபோது வயிறு முழுக்க ரத்தம். மண்ணீரலை எடுத்துவிட்டேன். ஆனால் உடம்பு குளிர்ந்திருந்தது, ரத்தம் அமிலமாகி உறையும் சக்தியை இழந்திருந்தது, தொட்ட இடமெல்லாம் கசிந்தது. பஞ்சைத் திணித்து, வயிற்றை மூடாமல் ஐ.சி.யூ.வுக்கு அனுப்பினோம். அன்று மதியம் இறந்தான். அவன் அப்பா என்னைத் திட்டவில்லை. "ஆறிடும்னு சொன்னீங்களே சார்" என்று மட்டும் கேட்டார். "சில பேருக்கு இப்படி ஆகிடுதுய்யா" என்றேன். அதுவும் பொய். சில பேருக்கு இப்படி ஆகிறது என்பதைத்தான் நான் எழுதாமல் விட்டிருந்தேன்.

அந்த ஹவுஸ் சர்ஜன் பிறகு அறுவை சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கவில்லை. இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டுமோ என்று அவள் தன்னையே குறை சொல்லிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். அவள் மேல் தப்பே இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டியவன் நான். சொல்ல மாதங்கள் ஆயின.

அதற்குப் பிறகுதான் கடிதம் எழுதி அந்த அலமாரியைத் திறக்க வைத்தேன். ஏ.ஆர். புத்தகம் என்கிற விபத்துப் பதிவேட்டிலிருந்து, கேஷுவாலிட்டிக்குள் வந்த ஒவ்வொரு பெயரையும் எடுத்து, என் மாஸ்டர் சார்ட்டோடு ஒத்துப் பார்த்தேன். விடுபட்டவர்களைச் சேர்த்தபோது நான் பெருமைப்பட்ட சதவீதம் நிற்கவில்லை.

விபத்துச் சிகிச்சை இன்று இருக்கும் நிலைக்கு வந்ததே இறந்தவர்களை எண்ணியதால்தான். 1979ல் வெஸ்ட், டிரங்கி, லிம் மூவரும் கலிஃபோர்னியாவில் சாலை விபத்தில் அடிபட்டு மருத்துவமனை வந்த பிறகு இறந்தவர்களை எடுத்துக்கொண்டார்கள். ஆரஞ்ச் கவுண்டியில் 90 பேர், சான் ஃபிரான்சிஸ்கோவில் 92 பேர். ஒரே விபத்துச் சிகிச்சை மையத்துக்குக் கொண்டுபோன சான் ஃபிரான்சிஸ்கோவில் தடுத்திருக்கக்கூடியது என்று சொல்லத்தக்க மரணம் ஒன்றே ஒன்று. பக்கத்தில் எது இருக்கிறதோ அந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோன ஆரஞ்ச் கவுண்டியில், தலைக்காயம் அல்லாத மரணங்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு தடுத்திருக்கக்கூடியவை. அந்தக் கணக்கு வெளியே வந்ததால்தான் அங்கே ஏற்பாடு மாறியது. அவர்களும் 24 மணி நேர விதி ஒன்று போட்டிருந்தால் அந்த மரணங்களில் பல கண்ணிலேயே பட்டிருக்காது.

பாஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் என்று ஒரு சர்ஜன் இருந்தார். ஒவ்வொரு நோயாளியும் ஒரு வருஷம் கழித்து எப்படி இருக்கிறார் என்று தேடிப் பார்க்க வேண்டும், அதை வெளியே சொல்ல வேண்டும் என்றார். சக மருத்துவர்கள் வெறுத்தார்கள். அவர் தனியாக நடத்திய சிறு மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை சிகிச்சை முடிந்து போன 337 பேரைப் பற்றி அச்சிட்டபோது, அதில் 123 பிழைகளைத் தானே பட்டியலிட்டார். நான் பி.ஜி.யாக இருந்தபோதே அவரைப் பற்றிப் படித்திருக்கிறேன். மரியாதையும் இருந்தது. அவர் வழியில் நடக்கத்தான் தைரியம் இல்லை.

கட்டுரையைத் திரும்பப் பெறக் கேட்டுப் பத்திரிகை ஆசிரியருக்கு எழுதிவிட்டேன். என் துறைத் தலைவரிடமும் சொல்லிவிட்டேன். யூனிட்டில் இப்போது பல்ஸ் ஏறினால் ஹவுஸ் சர்ஜனே தியேட்டருக்குச் சொல்லலாம், என்னைக் கேட்க வேண்டியதில்லை. ஆய்வேடு எழுதும் பி.ஜி. மாணவர்களே, தயவுசெய்து ஏ.ஆர். புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். ஏ.எம்.ஏ. போனவரின் வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். யாரை ஏன் நீக்கினீர்கள் என்று உங்கள் கைடு கேட்காவிட்டாலும் எழுதி வையுங்கள்.

அந்தத் தகப்பனாரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அவர் முகவரி கேஸ் ஷீட்டில் இருக்கிறது. ஊரும் தூரமில்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்வது அவர் முன்னால் நின்று சொல்வதைவிட எளிது. அதனால்தான் இதை முதலில் செய்திருக்கிறேன். இதையும் என் குற்றத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.