தலைகீழாகத் தொங்கும் கத்தி

சிவகாசியில் கத்தி என்றால் அது அச்சகத்தில் காகிதம் வெட்டும் பிளேடுதான். ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் ஆல்பம் வெளியானதிலிருந்து மார்கழி வரை கட்டிங் மெஷின்களுக்கு ஓய்வு கிடையாது. காகிதம் பார்க்கத்தான் மெத்தென்று இருக்கும். அதில் நிரப்பாகச் சேர்க்கும் சுண்ணமும் களிமண்ணும் எஃகின் கூரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். மழுங்கிய பிளேடு சாணைக்குப் போய்வரும், தீட்டித் தீட்டி அகலம் குறையும், கடைசியில் மெஷினில் பூட்ட முடியாமல் பழைய இரும்புக் கடையில் விழும். நான் பார்க்கப் போன சின்னக் கத்தி அப்படிக் கழித்துக்கட்டிய ஒரு பிளேடிலிருந்து செய்தது.

செய்யச் சொன்னவர் என் நண்பர், அச்சகத்தில் பைண்டிங் பிரிவைப் பார்த்துக்கொள்பவர். காகித பண்டல்களின் பிளாஸ்டிக் பட்டையை அறுக்க நாள் முழுக்கக் கத்தி தேடுவார். வெளிநாடுகளில் சிலர் சின்னக் கத்தியைக் கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டுக்கொள்கிறார்கள். உறை தலைகீழாக நெஞ்சில் தொங்கும், பிடியைப் பற்றிக் கீழே இழுத்தால் கத்தி கைக்கு வந்துவிடும். அந்தப் படத்தை யாரோ அனுப்ப, அவருக்கும் ஆசை வந்துவிட்டது. "வந்து பார்த்துச் சொல்லு, காசு கொடுக்கலாமா வேண்டாமா" என்று என்னையும் கூட்டிப் போனார்.

பட்டறை சாத்தூர் போகும் வழியில். ஒரு காலத்தில் பேனா நிப்புக்குப் பேர்போன ஊர் சாத்தூர். ஆசாரிக்கு அறுபது தாண்டியிருக்கும். மண்வெட்டி, அரிவாள், கடப்பாரைக்கு முனை அடிப்பது என்று ஓடும் பட்டறை. மூலையில் சீமைக்கருவேலங்கரி குவிந்திருந்தது. ஆனால் இந்தக் கத்திக்காக உலையை மூட்டவே இல்லையாம்.

"ஏன் அண்ணாச்சி?"

"லாரி ஸ்பிரிங் பட்டைன்னா காய்ச்சி அடிச்சு, துவைச்சல் போட்டுரலாம் தம்பி. இது வேற ரகம். நம்ம உலையில வெச்சா கெட்டுப்போயிரும்."

திருப்பாச்சேத்தி அரிவாளின் பெயர் நின்றதே காய்ச்சி அடித்துத் தோய்க்கும் கைப்பக்குவத்தில்தான். அந்தக் கைப்பக்குவம் எங்கே செல்லாது என்று தெரிந்து வைத்திருப்பதும் தொழில்தான். வெட்டு பிளேடுகள் பலவற்றில் கூர்ப்பக்கம் டங்ஸ்டன், மாலிப்டினம் கலந்த எச்.எஸ்.எஸ்., அதாவது ஹை ஸ்பீட் ஸ்டீல். அதைக் கடினப்படுத்த 1,200 டிகிரி அளவுக்கு அளந்து ஏற்றும் உலை வேண்டும், கரி அடுப்பில் கண்மதிப்பாகச் செய்ய முடியாது. அதனால் ஆசாரி வெட்டியதும் இழைத்ததும் சாணைக்கல்லில்தான், சூடேறும்போதெல்லாம் தண்ணீரில் முக்கி முக்கி.

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த நல்ல எஃகு பிளேடு முழுவதும் கிடையாது. மெத்தான இரும்பு முதுகில் ஒரு நாடா அகலத்துக்கு ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். தேய்ந்து கழிந்த பிளேடில் அதுவும் விரலகலம் மிஞ்சினால் அதிர்ஷ்டம். இடம் தெரியாமல் வெட்டினால் கத்தி போலத் தோன்றும் வெறும் தகடுதான் கிடைக்கும். எங்கள் கையில் இருந்தது எது என்று பார்க்க ஓர் எலுமிச்சம்பழம் போதுமானதாக இருந்தது. சாற்றைத் தடவிக் கொஞ்ச நேரம் வைத்துத் துடைத்ததும் முதுகுப்பக்கம் கறுத்தது, கூர்ப்பக்கம் வெளுப்பாகவே நின்றது, நடுவே கோடு.

ஆசாரியின் மூளையை அந்தக் கோட்டில் பார்த்தேன். கத்தி முனை மேல்நோக்கி வளைவதுதான் பார்க்க அழகு. அப்படி வளைத்தால் முனை எஃகு நாடாவை விட்டு ஏறி மெல்லிரும்பில் முடிந்துவிடும், குத்தி இழுக்கும் முதல் வேலையிலேயே மடங்கும். இவர் கூர்விளிம்பை நேராக விட்டு, முதுகைச் சரித்து முனைக்குக் கொண்டுவந்திருந்தார். முனை முழுவதும் எஃகுக்குள். மூன்று விரல் நீள அலகுக்கு இந்த வடிவம் கொஞ்சம் மொண்ணையாகத்தான் இருக்கிறது, ஆனால் சரியான மொண்ணை. பிடிக்கு இரண்டு பக்கமும் கருவேலச் சில்லு, பித்தளை ஆணி. ஆணித் துளைகளை மெல்லிரும்பு முதுகில் போட்டிருந்ததால் அவருடைய டிரில் பிட் பிழைத்தது.

முனையருகே ஒரு நீலக்கறை இருந்தது. லாரிப் பட்டைக் கத்தியில் அதைக் கண்டால் கூர் வெந்துவிட்டது என்று திருப்பிக் கொடுத்திருப்பேன். எச்.எஸ்.எஸ். 500 டிகிரியிலும் கடினம் இழக்காது, மெஷின் உளிகளாக அது ஓடுவதே அதனால்தான். அரத்தை வைத்துத் தேய்த்துப் பார்த்தோம். கூர்ப்பக்கத்தில் வழுக்கியது, முதுகில் கடித்தது. குறை என்று சொன்னால் பிடியை ஒட்டிய இடத்தில் கூர் தடிமனாக நின்றுவிட்டது. அட்டையை அறுக்கும்போது அங்கே மாட்டுகிறது.

நண்பரின் பெயர், முகவரி, செல் நம்பரை ஆசாரி நோட்டில் எழுதிக்கொண்டார். 2021இல் மாநிலம் முழுக்கப் போலீஸ் அரிவாள் பட்டறைகளுக்குப் போய், வாங்குகிறவர் விவரத்தைக் குறித்துவைக்கச் சொன்னதிலிருந்து வந்த பழக்கம். ஆயுதச் சட்ட விதிகள் கணக்கெடுப்பது 9 அங்குலத்தை மீறிய நீளத்தையும் 2 அங்குலத்தை மீறிய அகலத்தையும். அதிலும் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. பண்டல் அறுக்கும் இந்தக் குட்டிக்கு நோட்டில் ஒரு வரி வீணாயிற்று.

உறை தைத்தவர் விருதுநகரில், செருப்பும் பெல்ட்டும் தைக்கும் ஒருவர். கழுத்துக் கத்தியில் பாதி மதிப்பு, என் கணக்கில் பாதிக்கும் மேல், உறையில்தான் இருக்கிறது. இடுப்பு உறையில் கத்தி தன் கனத்தாலேயே உள்ளே உட்கார்ந்துவிடும். தலைகீழாகத் தொங்கும்போது அதே கனம் வெளியே இழுக்கும். பிடித்து நிறுத்துவது தோலின் இறுக்கம் மட்டும். அவர் மரப்பட்டைச் சாற்றில் பதப்படுத்திய தோலை எடுத்து, நனைத்து, பாலித்தீன் சுற்றிய கத்தியை உள்ளே வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி வடிவம் ஏற்றி, நிழலில் காயவிட்டிருக்கிறார். இரண்டு ஊசித் தையல், மெழுகு நூல். கூர் படும் ஓரத்தில் இரண்டு தோலுக்கும் நடுவே ஒரு தடித்த துண்டு வைத்துத் தைத்திருந்தார். அது இல்லாவிட்டால் கத்தியை உருவும்போதெல்லாம் நூல் அறுபடும். யாரும் சொல்லிக் கொடுத்ததா என்று கேட்டதற்கு, "கத்தி எங்க போகும்னு பார்த்தா தெரியாதாண்ணே?" என்றார்.

காய்ந்த உறையைத் தலைகீழாக உதறினால் கத்தி அசையவில்லை. விருதுநகர் வெயிலில் நண்பர் சட்டைக்குள் போட்டுக்கொண்டு திரிந்த பிறகு உதறினால் நழுவியது. வியர்வையில் தோல் தளர்ந்துவிட்டது. முதுகிரும்பில் கருநீலத் திட்டுகள் வேறு. தோலிலிருக்கும் துவர்ப்புச்சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் மை. கடுக்காயையும் அன்னபேதியையும் கலந்து அந்தக்காலத்தில் மை செய்ததும் இதே சேர்க்கையில்தான். அச்சகக்காரர் நெஞ்சில் மை பூசிக்கொண்டது எனக்கு வேடிக்கையாக இருந்தது, அவர் மனைவிக்கு இல்லை.

கயிறுதான் என்னைப் பயமுறுத்தியது. அறுபடாத நைலான் கயிறு. ஓடும் உருளைகளுக்கு முன்னால் குனிந்து நிற்கும் மனிதரின் கழுத்தில் அது இருக்கவே கூடாது. இழுத்தால் அறுந்துபோகும் பருத்தி நூலாவது வேண்டும்.

இந்த வட்டாரத்தில் வேறொரு தடையும் இருக்கிறது. நண்பர் லேபிள் கொடுக்கப் பட்டாசு ஆலைகளுக்குப் போகிறவர். கேட்டிலேயே தீப்பெட்டியோடும் செல்லோடும் இந்தக் கத்தியையும் கழற்றி வைக்க வேண்டியதாயிற்று. மருந்து கையாளும் இடத்தில் மரம், செம்பு, பித்தளைக் கருவிகள்தான், இரும்பு உரசினால் பொறி. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 30க்கும் மேற்பட்டோர் இறந்ததை மறக்காத ஊரில் காவலாளியிடம் வாதாட யாருக்கும் வாய் வராது.

இந்தப் பக்கத்துப் பனையேறிகள் அரிவாளை இடுப்புப் பெட்டியில்தான் வைத்துக்கொண்டார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் இடறாது, கழற்றவும் சுலபம். கத்திக்குக் காசு கொடுக்கலாம், கழுத்துக் கயிற்றுக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொன்னேன். பிடியோரத்தில் கூரை மெலிதாக்க ஆசாரியிடம் ஒருமுறை, பெல்ட்டில் கோக்கும் வளையத்தோடு கொஞ்சம் தடித்த தோலில் புது உறைக்கு விருதுநகரில் ஒருமுறை என்று நண்பர் மறுபடி கிளம்பினார். பைண்டிங்கில் இன்னும் இரண்டு பேர் அதே போலக் கேட்கிறார்களாம். கழிந்த பிளேடு ஒன்றை அச்சகத்திலிருந்தே எடுத்துப் போயிருக்கிறார், எலுமிச்சம்பழத்தில் கோடு பார்த்துவிட்டு.