வரப்புத் தகராறும் அத்துக்கல்லும்

கன்னடியன் கால்வாய் பாயும் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வயல்களில் எல்லைத் தகராறு பெரும்பாலும் வரப்பில்தான் பிறக்கிறது. கார், பிசானம் ஆகிய இரு நெல் போகங்களுக்கும் உழும்போது வரப்பைச் செதுக்குவது வழக்கம். ஒரு பக்கத்துக்காரர் மட்டும் போகத்துக்கு இரண்டு விரற்கடை கூடுதலாகச் செதுக்கிவந்தால் போதும், சில ஆண்டுகளில் வரப்பு அடுத்த வயலுக்குள் போய்விடும். பத்திரத்தின் நான்குமாலில், அதாவது நாற்புற எல்லை விவரத்தில், அயலார் பெயரும் வாய்க்காலும் இருக்கும். வரப்பு நின்ற இடம் இராது.

அதனால் அனுபவப்பட்ட நில அளவர் தகராறுள்ள வரப்பில் டேப்பை வைப்பதில்லை. புலப்படத்தைப் பார்த்து, தள்ளியிருக்கும் பழைய சர்வே கற்களைத் தேடுவார். வண்டல் மூடிய வயலில் கல் கண்ணுக்குத் தெரியாது. கடப்பாரையால் குத்திக்கொண்டே போக வேண்டும்; சேற்றில் சதக்கென்று இறங்கும் கம்பி, கல்லில் பட்டால் டங்கென்று கையை உதறும். ஒரு கல் அகப்பட்டதும் மகிழ்ந்துவிடக் கூடாது. யாராவது பிடுங்கி நட்டதாகவும் இருக்கலாம். இரண்டு மூன்று கற்களுக்கு இடையிலான தூரம் படத்தோடு ஒத்துவந்த பிறகுதான் தகராறுக் கோட்டுக்கு வர வேண்டும்.

படத்தின் மேல் ஸ்கேல் வைத்து அளப்பது கெட்ட பழக்கம். 1:2000 படத்தில் அரை மில்லிமீட்டர் பிசகினால் தரையில் 1 மீட்டர் போய்விடும். கோட்டின் மேல் எழுதிய எண்தான் கணக்கு. பழைய படமானால் அது லிங்க். 100 லிங்க் 66 அடி. லிங்கை மீட்டராக வாசித்துச் சண்டை போட்டவர்களும் உண்டு.

அத்தை, அதாவது எல்லையை, அளந்து காட்டக் கேட்டுக் கொடுப்பது ‘எஃப் லைன்’ மனு. அளக்கும் நாளில் பக்கத்துக்காரர் இருந்தே ஆக வேண்டும். இல்லாதபோது நட்ட கல் அடுத்த உழவைத் தாண்டுவது அரிது. டேப்பின் ஒரு முனையை எதிர்த்தரப்பிடமே கொடுத்துப் பிடிக்கச் சொல்வது நல்ல உத்தி. இழுத்துப் பிடித்தார்கள் என்ற பேச்சு பிறகு எழாது.

அளவர் கோட்டைக் காட்டலாம், உரிமையைத் தீர்க்க முடியாது. 12 ஆண்டுக்கு மேலான எதிரிடை அனுபவம் (பிறர் நிலத்தைத் தன்னுடையதாகவே வைத்து அனுபவித்தல்) என்று ஒருவர் வாதிட்டால் அது உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கேயும் வழக்கறிஞர் ஆணையர் ஓர் அளவரோடு அதே வயலுக்குத்தான் வருவார்.

பயிர் நிற்கும் வயலில் அளக்க முடியாது. பிசான அறுவடைக்கும் கார் தண்ணீருக்கும் இடைப்பட்ட வாரங்களே தோது. மனுவை அறுவடைக்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது.