4-1ஆ, 4-2-1ஆ?

"மாமா, எந்த ஹெட்டர் வாங்கட்டும்?"

ஆவடியில் இருக்கும் என் அக்கா மகனிடம் பழைய ஹோண்டா சிட்டி விடெக் இருக்கிறது. முதல் போனஸ் கையில். அம்பத்தூர் எஸ்டேட்டில் குழாய் வளைத்துப் பிழைக்கிறவன் நான் என்பதால் கேள்வி என்னிடம் வந்தது.

ஹெட்டர் என்பது நாலு சிலிண்டர் புகையையும் சேர்த்து வெளியே அனுப்பும் குழாய்க் கொத்து. நாலும் ஒரே இடத்தில் சேர்ந்தால் 4-1; இன்ஜின் உச்சத்தில் சுற்றும்போதுதான் அதன் பலம் தெரியும். 1-4, 2-3 என ஜோடி சேர்ந்து, பிறகு ஒன்றானால் 4-2-1, நடுத்தர ஆர்.பி.எம்.மிலேயே நன்றாக இழுக்கும்.

"இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு 4-1 சரி. நீ தினம் போறது பூந்தமல்லி ரோடுடா. அங்கே 6,000 ஆர்.பி.எம். எப்படிப் போவே?" என்றேன். சிரித்தான்.

எதை வாங்கினாலும், ஹெட்டர் மட்டும் மாற்றினால் சில குதிரைத்திறன்தான் கூடும். அதையும் சொல்லிவிட்டேன். சாதா இரும்பு வேண்டாம், துருப்பிடிக்கும். 304 ஸ்டெயின்லெஸ் பார். ஃபிளாஞ்ச் மெல்லிசாக இருந்தால் சூட்டில் வளைந்து புகை கசியும். கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றச் சொல்லும் கடையில் நிற்கவே நிற்காதே, அது சட்ட விரோதம்.

4-2-1 என்று முடிவானது. அக்கா போனை வாங்கினாள்.

"சத்தம் வருமாடா? மேல்வீட்டுல கைக்குழந்தை இருக்கு."

"சைலன்சரை மாத்தலைக்கா. கொஞ்சம்தான் கூடும்."

"கொஞ்சம்னா?"