அத்தானின் நடை

“தம்பி, கொத்தான் இப்பிடி நடக்கமாட்டார்.”

2024 ஆம் ஆண்டு ஆடி மாதம். நாகபூசணி அம்மன் திருவிழா முடிந்து நயினாதீவு ஓய்ந்திருந்த நேரம். அக்காவின் வீட்டு விறாந்தையில், 43 அங்குலத் தொலைக்காட்சிக்கு முன்னால் நானும் அவருமாக அமர்ந்திருந்தோம். திரையில் அத்தான், 1989 ஆம் ஆண்டின் ஒரு காலைப்பொழுதில், இறங்குதுறையிலிருந்து கோயிலை நோக்கி நடந்துகொண்டிருந்தார். மூத்த மகளின் திருமணம் அன்று. வேட்டித் தலைப்பை இடக்கையால் சற்றே தூக்கிப் பிடித்தபடி விறுவிறுவென்று நடக்கிற மனிதர் அவர். திரையில் நடந்தவரோ ஈரடிக்கு ஒருமுறை எதிலோ தடுக்குப்பட்டவர் போல நடந்தார்.

அக்காவுக்கு அப்போது 84 வயது. 1990 ஆகஸ்டில் ஊர்காவற்றுறையில் இராணுவம் இறங்கியபோது தீவுகளை விட்டு யாழ்ப்பாணம் போனவர்களில் அவர்களும் இருந்தார்கள். 1995 ஒக்டோபரில் அங்கிருந்தும் கிளம்ப நேர்ந்தது. மறு ஆண்டு, வன்னியில் ஒரு கொட்டிலில், காய்ச்சல் கண்டு அத்தான் காலமானார். படத் தொகுப்புகள் வழியிலே போயின. எஞ்சியது மகள் லண்டனுக்கு எடுத்துச் சென்றிருந்த இந்தக் கலியாண வீடியோ நாடா ஒன்றுதான். அத்தானை அசைந்து நடமாடக் காண்பதற்கு வேறு பதிவு இல்லை.

அதை லண்டனில் உள்ள பேரன் கணினிக் கோப்பாக மாற்றி, கூடவே ‘ராஸ்பெரி பை’ என்னும் குட்டிக் கணினியையும் எனக்கு அனுப்பியிருந்தான். வங்கி அட்டை அளவேயான ஒரு பலகை. பிள்ளைகள் நிரல் எழுதப் பழகட்டும் என்று 2012இல் பிரித்தானியாவில் 35 டொலருக்கு வெளியிட்டார்கள். வாங்கியவர்களில் பலர் அதைத் தொலைக்காட்சியின் முதுகில் ஒட்டிவைத்துப் படம் பார்க்கத் தொடங்கிவிட்டனர். எனக்கு வந்தது 2019இல் வெளியான நான்காம் வகை. குறிகட்டுவானில் படகேறும்போது அதைச் சட்டைப் பையில்தான் வைத்திருந்தேன்.

படம் ஓடத் தொடங்கியதும் அக்கா முதலில் சொன்னது வேறொன்று. “என்ன, எல்லாரும் ஊதிப்போய் இருக்கினம்?” பழைய சதுரத்துக்கு அண்மித்த படத்தை அகலத் திரை இழுத்து விரித்திருந்தது. அதைச் சரிசெய்ய ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. நடைதான் மசியவில்லை.

திரையின் மூலையில் சிறிய மின்னல் குறியொன்று வந்து வந்து போயிற்று. மின்சாரம் போதவில்லை என்பதற்கு அடையாளம். விடயம் விளங்கிவிட்டது என்று எண்ணினேன். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்குமான சூரிய, காற்று மின் திட்டம் 2021இல் ஒரு சீன நிறுவனத்துக்குப் போய், இந்தியா ஆட்சேபிக்க நின்று, 2024 மார்ச்சில் இந்தியாவின் 11 மில்லியன் டொலர் நன்கொடையோடு பெங்களூர் நிறுவனமொன்றுடன் ஒப்பந்தமாகியிருந்தது. அதுவரைக்கும் டீசல் மின்பிறப்பாக்கிகளே கதி. இத்தனை அரசியல் ஓடுகிற கம்பியில் வரும் மின்சாரம் அத்தானைத் தடுக்கி விழுத்தாமல் விடுமா? மேலிடத்தைக் குற்றஞ்சாட்டிப் பழகிய பத்திரிகை நாக்கு அல்லவா என்னுடையது!

பழைய நினைவு ஒன்றும் அந்த ஐயத்துக்குத் துணை நின்றது. 1990க்குப் பின் மின்சாரமற்ற யாழ்ப்பாணத்தில், ஜெனரேட்டரையும் டெக்கையும் ஓரிரவுக்கு வாடகைக்கு எடுத்து ஒழுங்கை முழுவதும் கூடிப் படம் பார்த்த காலம். ஜெனரேட்டர் திணறினால் படம் நான்கு பக்கமும் சுருங்கும். கதாநாயகன் குள்ளமாவான். யாராவது போத்தலில் மண்ணெண்ணெயோடு ஓடுவார்கள்.

ஆனால் இம்முறை குற்றவாளி என் கையில்தான் இருந்தது. பேரன் அனுப்பிய மின்வழங்கியைக் கொழும்பில் மறந்துவிட்டு, கைத்தொலைபேசியின் சார்ஜரைச் செருகியிருந்தேன். இந்தப் பலகைக்கு 5 வோல்ட் குன்றாமல் வேண்டும். 3 அம்பியர் வரை இழுக்கக்கூடியது. 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மின்னலைக் காட்டித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மலிந்த சார்ஜரும் மெல்லிய வயருமே அதற்குப் போதும். தீவின் மின்சாரத்தின்மீது பழியில்லை.

ஆவணியில் உரிய மின்வழங்கியோடு மறுபடி போனேன். மின்னல் மறைந்தது. தடுக்கல் குறைந்தது, நிற்கவில்லை. அக்கா என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அன்று பேரனை வட்ஸ்அப்பில் பிடித்தேன். அவன் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். நம் நாட்டு நாடா வினாடிக்கு 25 படங்கள் கொண்டது. தொலைக்காட்சித் திரையோ வினாடிக்கு 60 தடவை புதுப்பிக்குமாறு வைக்கப்பட்டிருந்தது. 60ஐ 25 ஆல் சமமாகப் பிரிக்க இயலாது; ஆகவே சில படங்கள் இரண்டு தடவையும் சில படங்கள் மூன்று தடவையுமாகத் திரையில் நிற்கும். கூட்டம் உட்கார்ந்திருக்கும் காட்சியில் கண் இதை அறியாது. ஒருவர் சீராக நடந்தாலோ அறிந்துவிடும். ‘கோடி’ என்னும் மென்பொருளில், படத்தின் வேகத்துக்கேற்பத் திரையை மாற்றும் தெரிவு ஒன்று உண்டு; அது இயல்பில் அணைந்தே கிடக்கும். அதை இயக்கியதும் திரை 50க்கு இறங்கியது.

இன்னொன்றும் இருந்தது. நாடாவின் ஒவ்வொரு படமும் உண்மையில் இரண்டு அரைப் படங்கள், வினாடியின் 50இல் ஒரு பங்கு இடைவெளியில் எடுக்கப்பட்டவை. பழைய குழாய்த் தொலைக்காட்சி அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வரைந்தது. புதிய திரையில் இரண்டும் ஒருங்கே விழ, அசையும் வேட்டியின் கரை சீப்புப் பல்லாகிவிடுகிறது. பல கணினிகள் சுலபம் கருதி ஒரு பாதியை எறிந்துவிடும். நடையிலும் பாதி அதோடு போய்விடும். இரண்டையும் பிரித்துத் தத்தம் நேரத்தில் காட்டச் சொன்னால் அந்த 50 கணங்களும் திரும்ப வரும்.

நல்ல காலம், நாடா கனடாவுக்குப் போகவில்லை. அங்கு தொலைக்காட்சி முறை வேறு என்பதால் ஊரிலிருந்து போன நாடாக்களைக் கடைகளில் மாற்றித்தான் பார்த்தார்கள். அப்படி மாற்றிய பிரதிக்குள் தடுக்கல் பதிந்தே போயிருக்கும். எந்தத் தெரிவாலும் எடுக்க முடியாது. ரொறன்ரோ நிலவறைகளில் மூல நாடா வைத்திருப்போர் அதை எறிந்துவிடாதீர்கள்.

மாலை மூன்றரை மணிக்கு மறுபடி ஓடவிட்டேன். இறங்குதுறை, படகு, அத்தான். வேட்டித் தலைப்பு இடக்கையில். படம் முன்னைவிடத் துலக்கமாக இருந்தது என்று சொல்லமாட்டேன். அதே மங்கல், அதே நிறக் கசிவு. அக்கா முன்னால் குனிந்து பார்த்தார்.

“ஓம்,” என்றார். சற்று நேரம் கழித்து, “இவ்வளவு அவசரமாப் போறார், என்னைப் பாக்காமல். பின்னால நான் தாம்பாளத்தோட ஓடி வாறன், பார்.”

உண்மைதான். ஓரத்தில் ஒரு பெண் பட்டுச் சேலையோடு ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தார். இதற்கு முன் அவரை நான் கவனித்திருக்கவில்லை.

“வள்ளத்தால இறங்கிற இடத்தில இருந்து இன்னொருக்கா விடு, தம்பி.”

அன்று குறிகட்டுவானுக்கான கடைசிப் படகைத் தவறவிட்டேன்.