பூசணம் தந்த மாத்திரை

ஊறுகாய்ச் சாடியில் பூசணம் பூத்தால், ஈரக் கரண்டி இட்டது யாரென்று எங்கள் அன்னையார் கடிந்துகொள்வார். அத்தகைய பூசணம் ஒன்று தந்த பொருளே இன்று என் தம்பிக்குத் துணை நிற்கிறது. மாற்றுச் சிறுநீரகம் பெற்ற அவன் நாள்தோறும் உட்கொள்வது மைக்கோஃபெனாலிக் அமில மாத்திரை. 1893இல் இத்தாலிய அறிஞர் கோசியோ, கெட்டுப்போன மக்காச்சோளத்தில் வளர்ந்த பூசணத்திலிருந்து அவ்வமிலத்தைப் பிரித்தெடுத்தார். இன்று அம்மருந்தைத் தயாரிப்போருள், 1978இல் நம் பெங்களூரில் தோன்றிய பயோகான் நிறுவனமும் ஒன்று.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் தெருவில் டெங்கு பரவிற்று. "அண்ணா, என் மாத்திரை டெங்கு வைரஸையும் தடுக்குமாமே! எனக்கேன் அச்சம்?" என்றான் தம்பி.

செய்தி முற்றும் பொய்யன்று. வைரஸ் பெருகுவதற்குக் குவனோசின் என்னும் மூலப்பொருள் வேண்டும். அஃது உருவாவதை இவ்வமிலம் தடுப்பதால், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களில் டெங்கு வைரஸ் பெருகவில்லை. ஆனால், நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் பெருகுவதற்கும் அப்பொருளே வேண்டும். அவை மாற்றுச் சிறுநீரகத்தைத் தாக்காவண்ணம் அடக்கி வைக்கவே இம்மாத்திரை தரப்படுகிறது. ஆகவே, தம்பிக்குத் தொற்றுநோய் அபாயம் பிறரினும் மிகுதி என்று மருத்துவர் விளக்கினார்.

அன்று மாலையே பூந்தொட்டித் தட்டுகளில் தேங்கிய நீரைக் கொட்டினோம்; சன்னல்களுக்கு வலை அடித்தோம்.

அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் இம்மாத்திரை உண்போர் இருப்பின், காய்ச்சல் கண்ட அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மாத்திரையைத் தாமாகக் கூட்டவோ குறைக்கவோ விடாதீர்கள்.